எண்பத்தெட்டு டிகிரி

பதினோரு மாதம் பாடுபட்டு லோத்தர் காய்ச்சியெடுத்த திரவப் படிகத்தில் மிச்சமிருந்தது குப்பியின் அடியில் ஒரு சிட்டிகை. குப்பியின் மேல் அவன் கையெழுத்தில் 'உருகித் தெளிவது 88' என்றிருந்தது. அதன் மூலக்கூறுகள் யாரும் இதுவரை காணாத ஒழுங்கில் அணிவகுத்திருப்பதாக நம்பினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனுக்கு உயிர் ஓடிக்கொண்டிருந்ததே அந்த நம்பிக்கையில்தான்.

ஹாலே நகரத்து ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சியவன் நுண்ணோக்கியில் கண் வைக்கக் கூடாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவன் மனைவி ரோஸ்விதாவும் அங்கேயே டாக்டர் பட்டம் வாங்கிய விஞ்ஞானி; அவள் பார்ப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. இருபது வருடத்தில் அவள் கண் பொய் சொன்னதில்லை.

கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் ஏற்கெனவே தெரிந்த பழைய பொருள், மறுபக்கம் லோத்தருடையது. சூடேற்றினால் நடுவில் இரண்டும் சந்திக்கும். எல்லைக்கோடு நின்றால் ஒழுங்கு வேறு என்று நம்பலாம். கோடில்லாமல் கலந்துவிட்டால் இரண்டும் ஒரே இனம், புதிதாக ஒன்றுமில்லை.

எழுபது டிகிரியில் விசிறி விசிறியாகக் கோலம் விரிந்தது. எண்பதில் பாலும் தண்ணீருமாகக் கலந்துவிட்டன. கண்ணில் நீர் முட்டும்வரை தேடினாள். எண்பத்தெட்டில் கோலமெல்லாம் அழிந்து வெறும் திரவமாகத் தெளிய, நுண்ணோக்கியில் இருள்தான் மிஞ்சியது. பாவி மனுஷன், எதற்கு இப்படி ஆசைப்பட்டான்!

“வா டாக்டரம்மா. கோடு இருந்துச்சா?” என்றான் லோத்தர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, அவள் மேலங்கியைக் கழற்றும் முன்பே.

“இருந்துச்சு.”

“நோயாளிக்குச் சொல்ற கதையெல்லாம் வேணாம்.”

“கத்தியால கீறுன மாதிரி இருந்துச்சு, லோத்தர்.”

“எத்தனை டிகிரில?”

அதற்கு அவள் தயாராக வரவில்லை. “தொண்ணூத்தி நாலு.”

அரை டிகிரி பிசகுக்காக ஒருவனை நோட்டு முழுவதையும் திருப்பி எழுத வைத்தவன், அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“தொண்ணூத்தி நாலா? சரி. நோட்டுல எழுதிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“எழுதாத. எங்கிட்ட சொன்னதே போதும்.” அவள் கொண்டுபோன பிளம் கேக்கில் ஒரு துணுக்கைத் தின்றுவிட்டு, கிளம்பும்வரை அவள் கையை விடவில்லை.

டிராம் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. எண்பத்தெட்டிலேயே தெளிந்துவிடுகிற பொருளில் தொண்ணூற்று நாலில் ஏது கோடு? கேட்ட அந்த நொடியே அது பொய் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் விடியும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் ரோஸ்விதா ஆய்வக நோட்டைத் திறந்து, 'கோடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.