மீன்பெட்டிக்கு எவ்வளவு ஐஸ்?

வேணி பாளையங்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறாள். கல்லூரியில் அவளோடு ஒரே பெஞ்சில் படித்த கரோலின், உவரியிலிருந்து தினமும் வேனில் மீன் ஏற்றி நெல்லைச் சந்தைக்கு அனுப்புகிறாள். ஒரு கல்யாண வீட்டில் இருவரும் பார்த்துக்கொண்டபோது கரோலின் கேட்டாள்.

"ஏட்டி, அம்பது கிலோ மீனுக்கு இருபத்தஞ்சு கிலோ ஐஸ் போடுதேன். ஒருநா மிச்சம் கெடக்கு, ஒருநா பெட்டியத் தொறந்தா வெறுந்தண்ணி. ஏன்னு சொல்லு பாப்போம்."

கேள்வி வேணியை விடவில்லை. ரஸ்ட் என்கிற நிரல்மொழியை அப்போதுதான் ஆசைக்குக் கற்றுக்கொண்டிருந்தாள். பெட்டியின் சுவர் வழியாக வெயிலின் சூடு எவ்வளவு ஏறும், அதற்கு எத்தனை கிலோ ஐஸ் உருகும் என்று அதிலேயே சின்னதாக ஒரு நிரல் எழுதினாள். அதை வெப்அசெம்ப்ளியாக மாற்றினால் எந்த போனின் பிரவுசரிலும் ஓடும். பின்னால் சர்வர் வைத்துக் கணக்குப் போடவேண்டியதில்லை. மூன்று கோப்புகளை ஏதாவது ஓர் இலவசத் தளத்தில் ஏற்றிவிட்டால் போதும்.

ஏற்றினாள். திறந்தால் வெள்ளைப் பக்கம். அவளுடைய லேப்டாப்பில் நன்றாக ஓடியதுதான். மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் பிடிபட்டது: அவளுடைய பக்கம் தளத்தின் உள்ளறை ஒன்றில் இருக்க, அது நிரல் கோப்பை வாசலில் போய்த் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பின் முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தாள். பக்கம் உயிர்பெற்றது. அதன் சுட்டியைக் கரோலினுக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் கரோலின் கூப்பிட்டாள். "நெட்ட அமத்திட்டேன், அப்பவும் கணக்குப் போடுதே! எங்கன வச்சுப் போடுது?"

"உன் போனுக்குள்ளதான். பக்கத்தத் தொறக்கும்போதே நிரலும் உன்கிட்ட வந்துட்டு."

"அப்போ நான் எவ்வளவு ஐஸ் போடுதேம்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது. நீயா சொன்னாத்தான் உண்டு."

கரோலினுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கணக்கு, ஐந்து மணி நேரத்துக்கு ஆறு கிலோ போதும் என்றது. நம்பிக்கையில்லாமல் ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் பத்து கிலோ போட்டு அனுப்பினாள். சந்தையில் திறந்தபோது பொட்டு ஐஸ் இல்லை. மீன் கொழகொழவென்று கிடந்தது.

வேணிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. சூத்திரங்களை மூன்று தடவை சரிபார்த்தாள். தப்பு எங்கே என்று தெரியவில்லை. சனிக்கிழமை ஆய்வுக்கூடத்து வெப்பமானியைப் பையில் போட்டுக்கொண்டு உவரிக்கு பஸ் ஏறினாள்.

மணலில் அப்போதுதான் வலையிலிருந்து கொட்டிய மீன் கிடந்தது. வேணி சைவ வீட்டுப் பிள்ளை. மீனைக் கையால் தொட்டதே இல்லை. தயங்கித் தயங்கி ஒன்றின் வயிற்றில் விரலை வைத்தவள், சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"என்னட்டி, குளிரவே இல்லியே!"

"பெறவு? உசுரோட வந்த மீனு குளுந்தா இருக்கும்?"

"சந்தை வழியாப் போகும்போதெல்லாம் ஐஸுக்கு நடுவுலதான பாத்திருக்கேன். அது பிறந்ததே அப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

கரோலின் மணலில் உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வேணி வெட்கத்தோடு வெப்பமானியைச் செருகினாள். இருபத்தெட்டு டிகிரி. கொஞ்ச நேரமாக வெயிலில் கிடந்த இன்னொரு குவியலில் முப்பத்து நான்கு. மீனைக் குளிர வைக்கவே பதினைந்து கிலோ ஐஸ் போய்விடும், வெயில் மீனுக்கு அதைவிட அதிகம் என்று அங்கேயே காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் சுவர் வழியாக ஏறும் சூடு.

அன்றைக்கே நிரலில் ஒரு வரி சேர்த்து, மீனின் சூட்டைக் கேட்க ஒரு கட்டமும் வைத்து, மறுபடி ஏற்றினாள். திங்கட்கிழமை இருபத்தொரு கிலோ போட்ட பெட்டியில், சந்தையில் இறக்கும்போது ஒரு கை அளவு ஐஸ் மிஞ்சியிருந்தது. கரோலின் அதைப் படம் பிடித்து அனுப்பினாள்.

போனுக்கு போன் கைமாறிய அந்தப் பக்கத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று வேணிக்குத் தெரியாது. பக்கத்தின் அடியில் தன் மின்னஞ்சல் முகவரியை மட்டும் போட்டிருந்தாள். இரண்டு வாரம் கழித்து புன்னக்காயலிலிருந்து அப்பாத்துரை என்று ஒருவர் எழுதியிருந்தார்: "அம்மா, நண்டுக்கும் இதே கணக்குதானா? ஓடு இருக்கே?"

வேணி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கரோலினுக்கு போன் போட்டாள்.

"ஏட்டி, உயிரோட ஒரு நண்டு கிடைக்குமா?"