எதிர்க்கிறவர்கள் எழுந்து நிற்கட்டும்

தங்கையைப் படிக்கட்டுக்குக் கீழே விட்டுவிட்டு உள்ளே போகும்போதே மிளகாய்க்கு மண்டை கொதித்தது. பார்வையாளர் மாடத்துக்கு மாடியேறித்தான் போக வேண்டும். லிஃப்ட் ஒன்று இருந்தது; அதற்குள் உடைந்த மேசைகளை அடைத்து வைத்திருந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தீர்மானம் வருகிற நாளில், அதைப் பார்க்க வந்த மாற்றுத்திறனாளி மாடிப்படிக்கு அடியில் டிவி பார்க்க வேண்டுமாம். இந்த அழகில் வாசலில் 'அனைவரும் வருக' என்று பலகை வேறு.

மிளகாய் என்பது சட்டசபையில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். லாரி மோதி இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு அரசியலுக்கு வந்து, சக்கர நாற்காலியிலேயே தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டு ஜெயித்தவள். தங்கை என்றால் சித்தி மகள். பிறந்ததிலிருந்தே சக்கர நாற்காலி, சட்டை கம்பெனியில் தையல் வேலை. அவளைக் காலையில் கம்பெனிக்குக் கொண்டுபோய் விடுவது சாய்தளம் வைத்த அரசு வேன். அந்த வேன்களைத்தான் அடுத்த மாதத்தோடு நிறுத்தப் போகிறார்கள். நிறுத்தக் கூடாது என்று மிளகாய் கொண்டுவந்த தீர்மானம்தான் இன்றைக்கு. வேன் நின்றால் வேலை போகும், வேலை போனால் அடுப்பு அணையும். அவ்வளவுதான் கணக்கு.

தங்கைக்கு ஒரு மகள். காது கேளாத பிள்ளை. சைகை மொழி ஆசிரியர்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்ற தீர்மானம் போன வருடம் ஒரே ஓட்டில் தோற்றது. அதிலிருந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு ஓட்டைக் கெடுத்த படுபாவி யார் என்று மிளகாய் ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். எந்நேரமும் தூங்கி வழியும் பின்வரிசைப் பெரியவர்மேல்தான் அவளுக்குச் சந்தேகம். அன்றிலிருந்து அந்த மனிதருடன் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

சபை கூடியது. வேனில் ஆள் ஏறுவதில்லை, அதனால் நிறுத்துகிறோம் என்றார் போக்குவரத்து அமைச்சர். வேனைக் கூப்பிட ஒரு நம்பர் கொடுத்திருக்கிறீர்களே, அதை என்றைக்காவது நீங்கள் அடித்துப் பார்த்ததுண்டா என்று கேட்டாள் மிளகாய். அது அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் கிடையாது, கதவைப் பூட்டிவிட்டு விருந்துக்கு யாரும் வரவில்லை என்று புலம்புகிற கதை இது என்றாள். அமைச்சர் முகத்தில் கருணையை வரவழைத்துக்கொண்டு, சகோதரியின் மனவேதனை தனக்குப் புரிகிறது, இவர்கள்மேல் அரசுக்கு எப்போதும் இரக்கம் உண்டு என்றார்.

"உங்க இரக்கத்தை யாரு கேட்டா? அதுல ஏறி வேலைக்குப் போக முடியுமா? நாங்களும் வரி கட்டறோம். வேனை விடுங்க, போதும்."

மேசைகள் தட்டப்பட்டன. ஆளுங்கட்சியிலேயே சிலர் தட்டினார்கள்.

அந்தச் சபையில் வாக்கெடுப்பு பழங்காலத்து முறை. ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். எண்ணுகிற குமாஸ்தா வரிசை வரிசையாக நடந்து நின்றவர்களை ஒரு பக்கமும் உட்கார்ந்தவர்களை இன்னொரு பக்கமும் சேர்ப்பார். மிளகாய் வழக்கம்போல் கையை உயர்த்தினாள். நின்றவர்களைத் தானும் எண்ணி, தன்னையும் கூட்டிப் பார்த்தாள். ஒரு ஓட்டில் ஜெயம். மூச்சு வந்தது.

குமாஸ்தா கொடுத்த கணக்கைச் சபாநாயகர் வாசித்தார். தீர்மானம் ஒரு ஓட்டில் தோல்வி.

தன் ஓட்டு எந்தப் பக்கம் போனது என்று கேட்டாள் மிளகாய். குமாஸ்தா கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். சபாநாயகரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நீங்க உட்கார்ந்திருந்தீங்களேம்மா. உட்கார்ந்திருந்தா எதிர்ப்புன்னுதானே கணக்கு."

சபையில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாது என்று தெரிந்து இருமினார். மிளகாய் தன் தீர்மானத்தை எதிர்த்துத் தானே ஓட்டுப் போட்டிருக்கிறாள். ஊரில் எவனுக்காவது இப்படியொரு கொடுமை நடக்குமா?

வாசித்த கணக்கில் ஒரு ஓட்டை மட்டும் மாற்ற முடியாது, வேண்டுமானால் முதலிலிருந்து மறுபடி எண்ணலாம் என்றார் சபாநாயகர். அதற்குள் ஆளுங்கட்சிக் கொறடா கேண்டீனுக்கு ஓடி, டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்களை இழுத்துவந்து உட்காரவைத்துவிட்டார். உட்கார்ந்தால் போதுமே! வாயைத் திறக்க வேண்டாம், கையைத் தூக்க வேண்டாம், யார் கண்ணிலும் படவும் வேண்டாம். சும்மா உட்கார்ந்தே ஒரு தையல்காரியின் பிழைப்பில் மண்ணைப் போடலாம். அதைப் பார்த்ததும் மிளகாயின் கோபம் தெளிந்து கூர்மையானது.

யார் எழ வேண்டும் என்று விதியில் இருக்கிறதா என்று கேட்டாள். சபாநாயகர் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு தரப்பினர் எழ வேண்டும் என்றுதான் இருந்தது. எந்தத் தரப்பு என்று இல்லை.

"அப்போ எதிர்க்கறவங்க எழுந்து நிக்கட்டும். எங்க வேனைப் பிடுங்கறவங்க மூஞ்சிய நாங்க பாக்கணும். கீழ படிக்கட்டுக்கிட்ட என் தங்கச்சி டிவியில பாத்துக்கிட்டிருக்கா. அவளும் பாக்கட்டும்."

சபாநாயகர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, எதிர்ப்பவர்கள் எழலாம் என்றார்.

அமைச்சர் எழுந்தார், வேறு வழியில்லை. கொறடா எழுந்து, எழுங்கள் எழுங்கள் என்று கையால் ஜாடை காட்டினார். கேமரா வரிசைகளின்மேல் மெதுவாக நகர்ந்தது. இரண்டு பேர் பாதி எழுந்து, பக்கத்தில் யாரும் எழாததைப் பார்த்து, வேட்டியைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். மற்றவர்களுக்கு அவரவர் செல்போனில் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. நின்றவர்களை எண்ண ஒரு கை விரலே போதுமாக இருந்தது. உட்கார்ந்தவர்களெல்லாம் இப்போது ஆதரவுக் கணக்கு. தூங்குமூஞ்சிப் பெரியவர் தூங்கியபடியே வேனைக் காப்பாற்றினார்.

வேன் ஓடும் என்று முடிவானது. அமைச்சர் அவளிடம் வந்து குனிந்து வாழ்த்துச் சொல்லி, கேட்காமலேயே அவள் நாற்காலியைத் தள்ளப் போனார். கையை எடுங்கள் என்றாள். எடுத்தார்.

படிக்கட்டுக்குக் கீழே தங்கை சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லவேண்டும் என்றாள். மகளுக்கு இதைச் சைகையில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, சொல்லிக்கொடுக்க டீச்சர் இல்லையே என்றாள்.

குமாஸ்தா பின்னாலேயே வந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவர், போகாமல் நின்றார். மனதை அரித்த ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"போன வருஷம் அந்த டீச்சர் தீர்மானத்துக்கும் நான்தாம்மா எண்ணினேன். அப்பவும் நீங்க... உட்கார்ந்துதானே இருந்தீங்க."

மிளகாய் ஒரு வருடமாகத் தேடிய படுபாவி கிடைத்துவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கண்முன்னால் வந்தது. இவர்கள் அந்தப் பாவத்தை அவள் கையாலேயே செய்ய வைத்திருக்கிறார்கள், அதுவும் உயர்த்திய கையால்.

"என்னக்கா, ஜெயிச்சுட்டுமா அழறே?" என்றாள் தங்கை.

மிளகாய் கண்ணைத் துடைத்தாள். சபாநாயகர் இன்னும் எழுந்து போயிருக்க மாட்டார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு குமாஸ்தாவைப் பார்த்தாள்.

"இதையே உள்ள வந்து, மைக்ல சொல்லுங்க. நடங்க."