செவ்வாயும் வியாழனும்

அந்தப் பாடத்திட்டத்தை எழுத சங்கீதாவுக்குக் கோடை விடுமுறை முழுவதும் ஆனது. காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கலைக்கல்லூரியில் அவள் புள்ளியியல் ஆசிரியை. இரண்டாம் ஆண்டுப் பாடம் ஒன்றை வாரத்தில் மூன்று நாள் வகுப்பறை, இரண்டு நாள் ஆன்லைன் என்று மாற்றி வடிவமைத்துத் தரும்படி டீன் திருஞானசம்பந்தம் கேட்டபோது மற்றவர்கள் நழுவிக்கொண்டார்கள். அவள் ஆசையோடு ஏற்றுக்கொண்டாள்.

மாகறல், முசரவாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் நசுங்கி வந்து முதல் வகுப்பில் தூங்கி விழுவதை ஏழு வருஷமாகப் பார்த்தவள் அவள். இரண்டு நாளாவது அலைச்சல் மிச்சமாகட்டும் என்று நினைத்தாள். அந்த வகுப்பின் மற்றப் பாடங்களை மீதி மூன்று நாளில் அடக்கி அட்டவணை போட டீனும் ஒப்புக்கொண்டார். எதை நேரில் நடத்த வேண்டும், எதற்கு வீடியோ போதும் என்று ஒவ்வொரு பாடமாகப் பிரித்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் தன் வீட்டு மாடியறையின் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஆட்டோ ஹாரன் ஓயும் நேரம் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்தாள். ஒரு வீடியோகூடப் பன்னிரண்டு நிமிஷத்தைத் தாண்டவில்லை.

ஒரு விதியில் மட்டும் கண்டிப்பாக இருந்தாள். பரீட்சைக்கு முந்தின வாரம் எல்லா வீடியோக்களையும் ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்களை அவளுக்குத் தெரியும். அதனால் செவ்வாய், வியாழன் வீடியோக்கள் அன்று காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடிவிடும். ஆன்லைன் வருகை எழுபத்தைந்து சதவீதம் இல்லாதவர் அந்தப் பாடத்தின் பரீட்சையை எழுத முடியாது. கல்விக்குழு ஒரு வார்த்தைகூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டது.

வாராவாரம் வருகைப் பட்டியல் அவளுடைய மெயிலுக்கு வந்தது. முதல் மூன்று வாரம் மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தாள். பிறகு வேலை நெருக்கடியில் திறக்கவில்லை. பத்தாவது வாரம் திறந்தபோது ஒரு வரி அநேகமாக முழுக்கச் சிவப்பாக இருந்தது. தையல்நாயகி. முதல் பெஞ்சில் உட்காரும் பெண், வகுப்புத் தேர்வில் முதல் மதிப்பெண். வகுப்பறை வருகை நூறு சதவீதம். ஆன்லைனில் இருபது நாளில் ஒரே ஒரு நாள்.

மறுநாள் வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

“நேர்ல ஒழுங்கா வர்றே. வீட்ல உக்காந்து பாக்க என்னம்மா சோம்பேறித்தனம்?”

“சாரி மேடம். பாக்கறேன் மேடம்.”

அடுத்த செவ்வாயும் சிவப்புதான். வியாழனன்று சங்கீதா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனாள்.

தையல்நாயகி கட்டிலில் சாய்ந்திருந்த அப்பாவின் தலையைத் தாங்கிக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். மே மாதம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்மா அங்கம்மாள் கம்பெனி வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“வாங்கமா. உங்களதான் நெனச்சிக்கினே இருக்கறேன். மூணு நாளு என் நாத்தனாரு வந்து இவரப் பாத்துக்குது. மீதி ரெண்டு நாளு காலேஜே இவள வூட்ல இருக்கச் சொன்னதாலதான் நான் வேலைக்குப் போறேன். இல்லன்னா அப்பவே இவ படிப்ப நிறுத்தியிருப்பேன்.” பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள். “அடுத்த வருசம் அஞ்சு நாளும் வூட்டுலயே படிக்கிற மாதிரி பண்ணிடுங்கமா.”

வேன் போன பிறகு சங்கீதா பெண்ணிடம் கேட்டாள்.

“போன் இல்லியா?”

“இருக்குது மேடம். அண்ணன் எடுத்துக்கினு போயிடும். சாப்பாடு டெலிவரி வேல, போன் இல்லாம ஓடாது. அது திரும்பி வர்றப்ப ஏழாயிடுது. அதுக்குள்ள மூடிடுது. வண்டி ரிப்பேராகி அது வூட்ல இருந்த அன்னைக்கி ஒரு நாள் பாத்தேன். மத்ததெல்லாம் ஃபிரெண்டு நோட்டப் பாத்து எழுதிக்கறேன்.”

“மொதல்லயே ஏன் சொல்லல?”

“ஆரம்பத்துல குடுத்த ஃபார்ம்ல ‘வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ளதா’ன்னுதானே மேடம் கேட்டிருந்தீங்க. இருக்குதே.”

அந்தக் கேள்வியை எழுதியவள் சங்கீதாதான். அறுபத்திரண்டு பேரும் ‘ஆம்’ என்று எழுதியிருந்தார்கள். அதை வைத்துத்தான் முழுத் திட்டமும் போட்டாள். காலை பதினோரு மணிக்கு அந்த போன் யார் கையில் இருக்கும் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் தன் பழைய போனைக் கொண்டுபோய்த் தையல்நாயகியிடம் கொடுத்தாள். ஆனால் கணக்கு அவளுக்குத் தெரியும். ஆன்லைன் மொத்தம் முப்பது நாள். போனது இருபத்திரண்டு. மீதி எட்டையும் பார்த்து, ஏற்கெனவே பார்த்த ஒன்றைச் சேர்த்தால்கூட முப்பது சதவீதம்தான். இருந்தும் டீனைப் போய்ப் பார்த்தாள்.

“மருத்துவச் சான்று வாங்கலாமா சார்?”

“மாணவிக்கு உடம்பு சரியில்லேன்னாதான் செல்லும். அப்பாவுக்குன்னா இடமே இல்லேம்மா.”

“அப்போ விதியத் தளர்த்துங்க சார். நான் எழுதின விதிதானே?”

“எழுதினது நீங்கதான். ஆனா பாஸான அப்புறம் அது உங்களது இல்லே. நடுவுல ஒருத்திக்காக மாத்தினா மத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் எதிரிலேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு போன் செய்து பத்து நிமிஷம் மன்றாடினார். பிறகு போனை வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

பரீட்சை எழுத முடியாது என்று சொன்ன பிறகும் தையல்நாயகி மீதி எட்டு நாள் வீடியோக்களையும் கடைசி வரை பார்த்தாள். சிலவற்றை இரண்டு முறை பார்த்திருந்தாள். பட்டியலில் அந்த எட்டும் பச்சையாகத் தெரிந்தன. மற்றப் பரீட்சைகளை எழுதினாள். புள்ளியியல் பரீட்சையன்று வீட்டில் இருந்தாள்.

அந்தப் பாடத்தில் எழுதியவர்களில் தொண்ணூற்று மூன்று சதவீதம் தேர்ச்சி. எழுதாதவளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கல்லூரி அதை முன்மாதிரித் திட்டமாக அறிவித்து இன்னும் ஐந்து பாடங்களுக்கு விரிவாக்கியது. மற்றத் துறை ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி சங்கீதாவை மேடையேற்றினார்கள். வீடியோக்களை ஒரு வாரம் திறந்தே வைக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். நல்ல யோசனை என்று உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் டீனிடம் ஓடினாள்.

“அப்போ தையல்நாயகி அடுத்த வருஷம் ஜூனியர்களோட சேந்து இந்தப் பாடத்தப் படிக்கலாம் இல்லியா சார்?”

“படிக்கலாம். ஆனா ஒரு வாரம் திறந்து வைக்கறது புதுசா சேர்ற பிள்ளைங்களுக்குதாம்மா. அவ பழைய ரெகுலேஷன். அவளுக்குப் பழைய விதிதான்.”

அன்று சாயங்காலம் தான் கொடுத்த போன் நம்பருக்கு அழைத்தாள். ஒரு ஆண்குரல் எடுத்தது. அண்ணன் வேல்முருகன். மழையில் தன் போன் கெட்டுவிட்டதால் இதை வைத்துத்தான் ஓட்டுவதாகச் சொன்னான்.

“ஆர்டர் எடுக்கப் போய்க்கினு இருக்கறேன் மேடம். தங்கச்சிகிட்ட எதுனா சொல்லணுமா?”

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. “நானே நேர்ல வந்து சொல்றேம்பா” என்றாள். அவன் சரி என்று வைத்துவிட்டான். போய் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.