எல்வீராவின் வாயில் வேறொரு குரல்

தான் நடித்த படம் வெளியாகிச் சில வாரங்கள் கழித்துத்தான் எல்வீரா சாந்தோயோ அதைப் பார்க்கப் போனாள். முதல் காட்சி விருந்தன்று அவள் வெராக்ரூஸ் கடற்கரையில் அடுத்த படத்தின் படப்பிடிப்பில் இருந்தாள். தலைநகரத்தின் பெரிய தியேட்டர்களுக்குப் போனால் கூட்டம் மொய்த்துவிடும் என்று, தலையில் துணியைச் சுற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊரோரம் தக்கூபா பக்கம் ஒரு பழைய கொட்டகைக்கு மத்தியானக் காட்சிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சுற்றிலும் சந்தைக்காரப் பெண்கள் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

பாவமன்னிப்புக் கூண்டுக் காட்சி வந்தது. மடத்து வாசலில் அவள் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்த மகன் இப்போது பாதிரியார். தாய் கூண்டுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டிருக்கிறாள். பெற்ற பிள்ளையையே "ஃபாதர்" என்று கூப்பிட வேண்டும்.

"ஃபாதர், எனக்கு..." என்று தொடங்கி, திரையிலிருந்த எல்வீரா ஒரு மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினாள். "எனக்கு ஒரு பையன் இருந்தான்."

பூசணி விதை கொறிக்கும் சத்தம் நின்றது. முன்வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். கடைசி வரிசையிலிருந்த எல்வீரா மட்டும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அந்த வசனத்தை அவள் ஒரே மூச்சில்தான் சொல்லியிருந்தாள். நிறுத்திச் சொல்லச் சொன்ன டைரக்டரோடு அதற்காகச் சண்டையே போட்டிருந்தாள். இப்போது அந்த இடத்தில் கேமரா மகன் முகத்துக்குத் தாவியிருந்தது. அவள் வாய் தெரியாது, மூச்சு மட்டும் கேட்கும். வேண்டுமென்றேதான் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அது அவள் குரல் இல்லை. அவளுடையதைப் போலவே இருந்தது. அதே கனம், அவளைப் போன்ற வடக்கத்தி ஆட்களுக்கே உரிய அந்தத் தட்டையான பேச்சு. ஆனால் அவளுடையது இல்லை. அதைவிட நன்றாக இருந்தது. அதுதான் அவளை எழுந்து வெளியே போக வைத்தது.

போன வருஷம் படப்பிடிப்பு முடிகிற சமயத்தில் அவளுக்குத் தொண்டை கட்டியது. தொண்டையில் சின்னச் சின்ன முடிச்சு இருப்பதாக டாக்டர் செப்பேதா சொன்னார். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கட்டளை. சிலேட்டில் எழுதிக் காட்டியே காலத்தை ஓட்டினாள். தயாரிப்பாளர் லெயாந்த்ரோ வீட்டுக்கு வந்து, "நீ பேசினது எல்லாம் நல்லாவே பதிவாகியிருக்கு, கவலைப்படாம படு" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். படம் ஓடியது. பத்திரிகைகள் எல்லாம் அவள் குரலைத்தான் கொண்டாடின. இப்படி உடைந்து அழ இவளுக்கு இத்தனை வருஷமா ஆயிற்று என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்து அவள் பூரித்துப் போயிருந்தாள்.

நேரே போய் லெயாந்த்ரோவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன ஆகும்? தனக்குக் குரல் போய்விட்டது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். நாற்பதைத் தொடப் போகிற நடிகை அந்தத் தப்பைச் செய்ய மாட்டாள். அதனால் வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்தாள்.

முதல் சந்தேகம் மிர்னா குவேயார் மேல். இவளுக்கு மகளாக நடித்த சின்னப் பெண். விருந்துகளில் எல்வீராவைப் போலப் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பவள். எல்வீரா அவளை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள்.

"என்னை மாதிரி பேசுவியாமே. பேசு, கேக்கலாம்."

மிர்னாவின் முகம் சிவந்தது. "ஐயோ, அதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு அக்கா."

"நானும் விளையாட்டுக்குத்தான் கேக்கறேன். அந்த பாவமன்னிப்பு வசனத்தைச் சொல்லு."

அவள் சொன்னாள். மூக்கால் பேசினாள். வடக்கத்தி இழுப்பைக் கேலியாக நீட்டினாள். படத்தில் கேட்ட குரல் மிர்னாவுடையது இல்லை. எல்வீரா சிரித்து வைத்து, கோழிக் குழம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

கிளம்பும்போது மிர்னா சொன்னாள்: "வெராக்ரூஸ் படத்துக்கு டப்பிங் பேச தினமும் போறீங்க போலிருக்கே. சாயங்காலம் உங்க சாம்பல் கலர் கார் ஸ்டூடியோவுல நிக்குது. தொண்டைக்கு இவ்வளவு வேலை கொடுக்காதீங்க அக்கா."

எல்வீரா தலையாட்டினாள். ஸ்டூடியோ பக்கம் அவள் போய் எத்தனையோ நாளாயிற்று. கடற்காற்றின் இரைச்சலால் வெராக்ரூஸ் படத்தின் பேச்சு முழுவதையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்று சொன்ன லெயாந்த்ரோ, அதற்கு அவளை இன்னும் கூப்பிடவே இல்லை.

சாயங்காலம் டிரைவர் எவுசேபியோ காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இந்த நேரத்துல வண்டி எங்க போகுது எவுசேபியோ?"

"சின்னம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேம்மா. ஏதோ வேண்டுதலாம்."

"எந்தக் கோயில்?"

அவன் துணியைப் பிழிந்தான். இன்னொரு தடவையும் பிழிந்தான். "அந்த... ஆத்தோரம் இருக்கே, அதும்மா."

இவனும் கூட்டா என்று நினைத்தாள். சின்னம்மா என்று அவன் சொன்னது அவள் தங்கை ஒத்திலியாவை. வடக்கே குவாய்மாஸ் துறைமுகத்திலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் ரயிலேறித் தலைநகரத்துக்கு வந்தார்கள். அன்றிலிருந்து எல்வீராவின் உடை, சாப்பாடு, பேட்டி, எல்லாம் ஒத்திலியா பொறுப்பு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து, மற்றப் பாத்திரங்களின் வசனங்களை எல்லாம் படித்துக்காட்டி அக்காவுக்குப் பாடம் ஏற்றுவதும் அவள்தான். அவளைச் சந்தேகப்படுவது தன் நிழலையே சந்தேகப்படுவது போல இருந்தது எல்வீராவுக்கு. ஆனாலும் சந்தேகப்பட்டாள். தங்கைக்கும் லெயாந்த்ரோவுக்கும் ஏதோ இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அப்படியிருந்தால் தேவலையே என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

அன்று ஒத்திலியா வழக்கம்போல, வேலியில் பூக்கும் காகிதப்பூவைக் கொதிக்க வைத்து, தேன் கலந்த கஷாயம் கொண்டு வந்தாள்.

"சூடா குடிக்கா. தொண்டைக்கு நல்லது."

எல்வீரா கோப்பையை வாங்கிக்கொண்டாள். தங்கை நகர்ந்ததும் ஜன்னல் பூந்தொட்டியில் ஊற்றினாள்.

மறுநாள் டாக்சி பிடித்து ஸ்டூடியோவுக்குப் போனாள். வாசலில் சாம்பல் நிறக் கார் நின்றது. காவலாளி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். ஒலிப்பதிவு அறையின் கனமான கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், இருட்டில் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

திரையில் அவள் முகம். கடற்கரையில் கூந்தல் பறக்க, கணவனைப் போகாதே என்று கெஞ்சுகிற காட்சி. மைக்குக்கு முன்னால் ஒத்திலியா. செருப்புச் சத்தம் பதிவாகிவிடும் என்று வெறுங்காலோடு நின்றிருந்தாள். திரையில் எல்வீராவின் உதடு அசைந்ததும் ஒத்திலியாவின் குரல் எழுந்தது. அவள் சும்மா பேசவில்லை. பாவாடையை முறுக்கிப் பிடித்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. எல்வீரா கேமரா முன்னால் அழும்போது கிளிசரின் போட்டுக்கொண்டுதான் அழுவாள்.

காட்சி முடியும் வரை பொறுத்திருந்தாள். விளக்கு எரிந்ததும், "கோயில் நல்லா இருக்கு" என்றாள்.

ஒத்திலியா திரும்பினாள். முறுக்கிப் பிடித்திருந்த பாவாடையை விட்டாள். கண்ணாடி அறையிலிருந்து லெயாந்த்ரோதான் ஓடி வந்தார்.

"எல்வீரா, கோபப்படாம கேளு."

"நான் கோபப்படல. என் வாயில யாரு பேசறாங்கன்னு பார்க்க வந்தேன்."

"போன படத்துல உன் குரல் கிழிஞ்ச சாக்கு மாதிரி இருந்தது. போட்ட முதலைக் குப்பையில கொட்டச் சொல்றியா? உன் பேரைக் காப்பாத்தத்தான் செஞ்சோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல" என்றார் அவர்.

இருவரும் அந்தச் சாம்பல் நிறக் காரிலேயே வீடு திரும்பினார்கள். எவுசேபியோ கண்ணாடியில்கூடப் பார்க்காமல் ஓட்டினான். கூடத்துக்கு வந்ததும் எல்வீரா தொப்பியைக் கழற்றாமலே கேட்டாள்.

"அந்த ஆள் உன்னைக் கூப்பிட்டானா, நீயா போனியா?"

"நானாத்தான் போனேன்."

"ஆறு வாரம் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. அது நிஜமா?"

ஒத்திலியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வாரம்தான் சொன்னாரு" என்றாள். "மீதி மூணு நான் கேட்டு வாங்கினது. அக்கா சொன்ன பேச்சு கேக்க மாட்டா, அதிகமாச் சொன்னாத்தான் பாதியாவது கேப்பான்னு அவருகிட்ட சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு."

"எதுக்கு?"

"என் குரல் பதிவு முடியலக்கா. பாதியில இருந்தது."

"அந்தக் கஷாயத்துல என்னடி போட்டே?"

"காகிதப்பூவும் தேனும்தான். அதையுமா சந்தேகப்படற?"

"எல்லாத்தையும் சந்தேகப்படறேன். நீ எனக்குத் தலை வாரினதைக்கூட."

அந்த வாரக் கடைசியில் ஒத்திலியா ஒற்றைப் பெட்டியோடு வீட்டை விட்டுப் போனாள். எல்வீரா மாடியிலிருந்து இறங்கவில்லை.

லெயாந்த்ரோவிடம் போய், வெராக்ரூஸ் படத்தில் தன்னையே பேச விடாவிட்டால் நடந்ததை எல்லாப் பத்திரிகைக்கும் சொல்லிவிடுவேன் என்றாள். அவர் பணிந்தார். அவளே பேசினாள். குரல் கரகரத்தது, மேலே ஏறும் இடங்களில் பிசிறடித்தது. இருந்தும் ஒரு வார்த்தையைக்கூட அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

படம் வந்தது. கணவனைக் கெஞ்சும் காட்சியில் கொட்டகையில் யாரோ இருமிக் காட்டினார்களாம். ஒரு சினிமாப் பத்திரிகை பெரிய எழுத்தில் எழுதியது: இது எல்வீரா சாந்தோயோவின் குரலே இல்லை. தயாரிப்பாளர் யாரோ ஒரு கிழவியை வைத்துப் பேச வைத்து ரசிகர்களை ஏமாற்றுகிறார். பேட்டிக்கு வந்த ஒருவன் அவளிடமே கேட்டான்.

"நேரா சொல்லுங்க அம்மா. உங்களுக்குப் பேசினது யாரு?"

"நான்தான்."

அவன் புன்னகைத்தபடி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். அவன் நம்பவில்லை என்று தெரிந்தது. முந்தைய படத்தில் பேசியது நான் என்று ஒத்திலியா வந்து சொன்னால்தான் நிரூபிக்க முடியும்.

அதற்குப் பிறகு தாய் வேஷங்கள் அவளைத் தேடி வரவில்லை. வீட்டு டெலிபோன் அடங்கிக் கிடந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து ஓர் இளம் டைரக்டர் வந்தான். சர்க்கரை ஆலை முதலாளியின் விதவை, ஈவு இரக்கமில்லாதவள், அப்படியொரு பாத்திரம். "உங்க குரலுக்காகத்தான் வந்தேன்" என்றான். கேலி செய்கிறானோ என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவன் நிஜமாகத்தான் சொன்னான். அந்தப் படத்திலிருந்து மாமியார்களும் வட்டிக்காரிகளும் விடுதிக்காரிகளுமாக அவளுக்கு வேலை ஓயவில்லை. தெருவில் பிள்ளைகள் அவளைப் பார்த்தால் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

ஒத்திலியா வானொலிக்குப் போயிருந்தாள். அவளுடைய தொடர் நாடகம் ஒலிக்கும் நேரத்தில் நகரத்துப் பெண்கள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று பேச்சு. எல்வீரா வீட்டில் அந்த நேரத்துக்கு வானொலி பாடாது. வேலைக்காரிக்குக் கண்டிப்பான உத்தரவு. ஆனால் படப்பிடிப்பில் ஒப்பனைக்காரியின் சின்ன வானொலியை அணைக்கச் சொல்லி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

குவாய்மாஸில் அம்மா இறந்தபோதுதான் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். அடக்கம் முடிந்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பகல் வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்து, அம்மாவின் பீங்கான் கிண்ணங்களையும் மேஜை விரிப்புகளையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்தும் முகம் பார்க்கவில்லை.

"அந்த மூணு வாரம்" என்றாள் எல்வீரா. "எனக்காகச் செஞ்சேன்னு சொல்லப் போறியா?"

ஒத்திலியா ஒரு விரிப்பை நான்காக மடித்தாள். "முதல் நாள் உனக்காகத்தான் போனேன். இருட்டுல நின்னு பேசினேன். முடிஞ்சதும் அந்த ஒலிப்பதிவு மெஷின்காரங்க யாரும் எழுந்திருக்கல. அப்படியே உக்காந்திருந்தாங்க. அதுக்கப்புறம் போனதெல்லாம் எனக்காக."

"மறுபடி அப்படி ஒண்ணு வந்தா?"

"மறுபடியும் செய்வேன்" என்றாள் ஒத்திலியா.

எல்வீரா தங்கையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் யார் என்ன சொன்னாலும், டாக்டரோ தயாரிப்பாளரோ ரசிகரோ, அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்றே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. இதற்குப் பின்னால் எதுவும் இல்லை. சமாதானம் ஆகிவிட்டதா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் தங்கை சொன்னதை நம்பினாள்.

"அந்த நீலக் கிண்ணத்தை நீ எடுத்துக்கோ" என்றாள். "எனக்கு அது பிடிக்காது."