பட்டணத்துக்கு வழி சொன்னவன்

ஆம்பூரில் யாராவது வெளியூர் போக நினைத்தால், ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் வேலாயுதத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். திருப்பதியா, திருவண்ணாமலையா, நாகூரா, எந்த ஊராக இருந்தாலும் சரி. கையில் காசு கம்மியாக இருந்தால் எப்படிப் போவது, எங்கே படுப்பது, எதைத் தின்பது என்று கடகடவென்று சொல்லிவிடுவான். அவனுக்கு வேலை என்னவோ தோல் ஷாப்பில் குறி போடுவது. பதனிட்ட தோலைக் கட்டாகக் கட்டியதும், மேலே சுற்றிய சாக்கில் முதலாளியின் அடையாளத்தையும் கட்டு போகிற ஊரின் பெயரையும் கறுப்பு மையால் எழுத வேண்டும். அந்த வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் நாலு பேர் நிற்பார்கள்.

"கடைசிப் பெட்டியில ஏறு. வர்றவன் எல்லாம் கேட்டுக்கு நேரா நிக்குற பெட்டியிலதான் முட்டி மோதுவான், கடைசிப் பெட்டி காலியா கெடக்கும். தயிர்சோறு கட்டாதே, அரக்கோணம் வர்றதுக்குள்ள புளிச்சுப் போய்டும். புளிசோறு கட்டிக்கோ. காசை ஒரே முடிச்சுல வெக்காதே. மூட்டை ஒண்ணு போதும், ஜாஸ்தி தூக்கினா பேஜாரு. நான் போனப்ப எல்லாம் அப்படித்தான்."

எல்லாம் நல்ல யோசனைதான். கேட்டுப் போனவர்கள் சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்பினார்கள். இதில் ஒரே ஒரு கோளாறு. வேலாயுதம் தன் பிறவியில் பக்கத்திலிருக்கிற பள்ளிகொண்டாவைத் தாண்டியதில்லை. அங்கே போனதும் மாட்டுவண்டியில்தான். ரயிலைத் தினமும் பார்ப்பான், ஏறியதில்லை.

அப்படியானால் இவ்வளவும் எங்கிருந்து வந்தது? தோல் தரகர் அதாவுல்லாவிடமிருந்து வந்தது. சரக்கோடு சரக்காகப் பட்டணத்துக்கும் மற்ற ஊர்களுக்கும் அலைகிற மனிதர் அவர். திரும்பி வந்ததும் வேலாயுதம் குறி போடுகிற இடத்தில் உட்கார்ந்து போன கதை வந்த கதையெல்லாம் பேசுவார். வேலாயுதம் அதை அப்படியே வாங்கி, 'நான் போனப்ப' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து ஊருக்கு விற்றான். முதன்முதலில் அதைச் சொன்னது பெண் பார்க்கப் போன இடத்தில். "மாப்பிள்ளை ஷாப்பு வேலையா பட்டணம் வரைக்கும் போய் வருவாராமே!" என்று பெண்வீட்டார் அசந்துபோய்ச் சுந்தரியைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பொய்யை எந்த இடத்தில் இறக்கி வைப்பது? 'இப்ப அந்த வேலையை பாய் பார்த்துக்குறாரு' என்று மட்டும் வீட்டில் சொல்லி வைத்தான்.

சுந்தரிக்கு ஒரே ஆசை, கடலைப் பார்க்க வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். மழை என்பான், கூட்டம் என்பான், பட்டணத்தில் காலரா என்பான். சீட்டு வாங்குகிற ஜன்னல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் பெண்டாட்டிக்கு முன்னால் திருதிருவென்று விழிப்பதை நினைத்தாலே அவனுக்கு அடுத்த சாக்கு வாயில் வந்துவிடும். சுந்தரி வேறு மாதிரி நினைத்துக்கொண்டாள். அவள் ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பவள். கையெல்லாம் கறை, சேலையெல்லாம் பட்டை வாடை. இவளைக் கூட்டிக்கொண்டு பட்டணத்தில் நடக்க இந்த மனுஷனுக்குக் கூச்சம், அதுதான் சங்கதி என்று தீர்மானித்திருந்தாள். அதை வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு சாயங்காலம் அடுத்த தெருப் பட்டம்மாள் வந்து, கடல் பார்க்கப் போக வழி கேட்டாள். வேலாயுதம் உற்சாகமாக எல்லாம் சொன்னான். "நீ போனா எங்கண்ணா தங்குவ?" என்று அவள் கேட்டதும் வாய் சும்மா இருக்குமா?

"பெரியமேட்டுத் தோல் மண்டியிலதான். ஸ்டேஷன்லருந்து கூப்பிடு தூரம். கேட்டுல நிக்குற வாட்ச்மேன்கிட்ட என் பேரைச் சொன்னா போதும், பாய் விரிச்சுக் குடுப்பான்."

உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்த சுந்தரி ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். ஊரில் இருக்கிறவளுக்கெல்லாம் கடலுக்கு வழி சொல்கிறான், கட்டினவளுக்கு மட்டும் இல்லையா என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

மறுநாள் இருட்டோடு வேலைக்குப் போன வேலாயுதம் காலைக் கஞ்சிக்கு வீடு திரும்பினால் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து அன்வரி பேகத்தின் குரல் வந்தது.

"அண்ணா, சாவி எங்கிட்ட இருக்குது. சுந்தரி மொத வண்டியில பட்டணம் போய்டுச்சு. ஏம்மா தனியா போறன்னு கேட்டேன். 'வழியெல்லாம் அவரு சொல்லித்தான் தெரியுமே, மண்டியில போய் அவரு பேரைச் சொல்வேன், கடல் பார்ப்பேன், வந்துடுவேன்'னு சொல்லிச்சு."

வேலாயுதம் சாவியைக்கூட வாங்கவில்லை. நேரே அதாவுல்லா வீட்டுக்கு ஓடினான்.

"பாய், பெரியமேட்டு மண்டியில பொம்பளைங்க தங்கலாமா?"

"இன்னா தோஸ்த் கேள்வி இது? அங்க நானே தோல்கட்டு மேல துண்ட விரிச்சுப் படுக்குறவன். சுத்தி அம்பது ஆம்பளைங்க. பொம்பளை யாரு அந்தக் கேட்டைத் தாண்டுவா?"

அதற்குமேல் கேட்க அவன் நிற்கவில்லை. ஸ்டேஷனில் இருந்த ஒவ்வொரு ஜன்னலிலும் தலையை நீட்டி, கடைசியில் சரியான ஜன்னலைக் கண்டுபிடித்து, "ஒரு சீட்டு குடுங்க சாமி" என்றான்.

"எந்த ஊருக்கு?"

"சுந்தரி போன ஊருக்கு" என்று வாயில் வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வண்டி வந்ததும் சொல்லிச் சொல்லிப் பழகிய தோஷத்தில் கடைசிப் பெட்டியைப் பார்த்து ஓடினான். அங்கே எள் போட இடமில்லை. இத்தனை வருஷமாக ஊரில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கடைசிப் பெட்டி காலி என்று சொன்னவன் யார்? மற்ற பெட்டிகளில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனார்கள். ஆம்பூர் மட்டும் கடைசிப் பெட்டியில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தது. "அண்ணே, வா வா! இன்னைக்கு எந்த ஊரு?" என்று உபசாரம் வேறு. ஒற்றைக்காலில் நின்றபடி வந்தான். காட்பாடி போயிற்று, அரக்கோணம் போயிற்று. யாரோ புளிசோறு நீட்டினார்கள்; வாங்கி அப்படியே பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டான். முன்பின் தெரியாத ஊரில், ஆம்பளைகள் கூட்டத்தில், தன் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கிற சுந்தரிதான் கண்ணுக்குள் நின்றாள். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் தன் நாக்கைத்தான் அறுத்துப் போட வேண்டும் என்று நினைத்தான். நியாயமான நினைப்புதான்.

பட்டணத்தில் இறங்கி, அகப்பட்டவரையெல்லாம் கேட்டு மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவன் பேரைச் சொன்னதும் வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்தான்.

"நீதான் ஆம்பூர் வேலாயுதமா? அதாவுல்லா பாய் சொல்லியிருக்காரு, உன் எழுத்தை தெனம் பார்க்குறேன். மூஞ்சியை இன்னைக்குத்தான் பார்க்குறேன். அந்தம்மாகிட்டயும், எழுத்துதான் தெரியும், ஆளு இங்க வந்ததே இல்லன்னு சொன்னேன்."

உள்ளே வரிசை வரிசையாகத் தோல்கட்டுகள். எல்லாவற்றின் மேலும் வேலாயுதத்தின் கை எழுதிய எழுத்து. அவன் எழுதி அனுப்பிய கட்டுகள் எத்தனையோ தடவை இந்த ஊரைப் பார்த்துவிட்டன. அவன் இப்போதுதான் வருகிறான்.

"அந்தம்மா எங்க?" என்றான்.

"கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துகிட்டு நின்னாங்க. அப்புறம், பொம்பளைங்க தங்க எடம் எதுன்னு கேட்டாங்க. எதுத்தாப்புல சத்திரத்தைக் காட்டினேன். மூட்டைய அங்க போட்டுட்டு, கடலுக்கு எந்த டிராம் போவும்னு கேட்டுகிட்டுப் போய்ட்டாங்க. வெவரமான பொம்பளைப்பா."

அவள் பத்திரமாக இருக்கிறாள் என்றதும் வேலாயுதத்துக்கு உயிர் வந்தது. ஆனால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எந்த முகத்தோடு எதிரே போய் நிற்பது? திரும்பி ரயிலேறிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டுக் கடல் பக்கம் நடந்தான்.

டிராம் நிற்கிற இடத்துக்கு நேராகவே சுந்தரி ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அலை வந்து சேலை விளிம்பை நனைத்துவிட்டுப் போனது. அவனைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா? ஒக்காரு" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். "நான் எங்கயும் போனதில்ல சுந்தரி. எல்லாம் பாய் சொன்ன கதை."

"தெரிஞ்சிடுச்சு." அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷமா இன்னா நெனச்சேன் தெரியுமா? பட்டை இடிக்கிறவளைக் கூட்டிகிட்டுப் போக உனக்கு வெக்கம்னு. ராத்திரி ராத்திரி அழுதிருக்கேன்யா."

வேலாயுதத்துக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு இருக்கும் என்று அவன் கனவிலும் எண்ணியதில்லை. "ஐயோ, உன்னால இல்லடி! எனக்கு பயம். ஒண்ணும் தெரியாம உன் முன்னாடி நிக்க பயம். அவ்ளோதான்."

"பயமா?" சுந்தரி அவன் பக்கம் திரும்பினாள். "வெறும் பயந்தானா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதில் பாதி அழுகை என்பது அவனுக்குப் புரிந்தது. அவளுடைய கறை படிந்த கையைப் பிடித்துக்கொண்டான். அவள் விடுவிக்கவில்லை.

அப்போது ஒரு குடும்பம் மூட்டையும் பிள்ளைகளுமாக வந்து நின்றது. பார்த்தாலே வெளியூர். அதில் பெரியவர், வேலாயுதத்தின் மீசையையும் தோரணையையும் பார்த்து, "தம்பி, திருவல்லிக்கேணி கோயிலுக்கு எப்படிப் போறது? ராத்திரி தங்கக் கம்மியில எதனா எடம் இருக்குதா?" என்று கேட்டார்.

வேலாயுதத்தின் வாய் தானாகத் திறந்தது. சுந்தரி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க" என்றான். "நானும் இந்த ஊருக்கு இன்னைக்குத்தான் வந்தேன்."

சொன்னதும் அவனுக்கே உடம்பு லேசானது. சுந்தரி எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"நாங்களும் அந்தப் பக்கந்தான் வரலாம்னு இருக்கோம்" என்றாள் பெரியவரிடம். "வாங்க, கேட்டுகிட்டே போலாம். யோவ், எழுந்திரு. அந்தச் சுண்டல்காரனைப் போய்க் கேளு."

வேலாயுதம் எழுந்துபோய் வழி கேட்டான்.