கல்லிடுக்கில் ஒரு லெவிசியா

என் மருமகள் பொய்ப்பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்று தெரியும். ஆனால் வாசலோரம் கல்லைக் குவித்து, இடுக்கில் ஒரு செடியைச் செருகிவிட்டு, அது பூக்க மூன்று வருஷம் காத்திருக்கிற அளவுக்குப் பொறுமையா? லெவிசியா என்று பெயர். கொட்டுகிற பனியிலும் இலை பச்சையாகவே இருக்கும்.

"ஏம்மா இப்படிக் கோணலா நட்டிருக்கே?"

"நேரா வச்சா நடுவுல தண்ணி தங்கிடும் அத்தை. குளிர் இதை ஒண்ணும் பண்ணாது. ஈரம்தான் ஆகாது."

என் மகனுக்கோ அந்த இடத்தில் கார் நிறுத்த வேண்டும். "குளிர் விட்டதும் பூக்கலைன்னா கல்லை எடுத்துட்டு சிமெண்ட் போட்டுடுவேன்" என்று கெடு வைத்தான். அவளும் சரி என்றுவிட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் குளிரில் ஒரு வாரம் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். இங்கே பனியும் மழையுமாகக் கொட்டித் தீர்த்தது. திரும்பி வந்தவள் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் கல்லருகே போய் நின்றாள். செடிமேல் என் மகனின் கம்பளி ஊறிக் கிடந்தது. தூக்கிப் பார்த்தால் இலையெல்லாம் கூழ்.

"விறைச்சுப் போயிடுமேன்னு..." என்று இழுத்தான் அவன்.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இத்தனை நாள் நீங்க எதைப் போத்திக்கிட்டுத் தூங்கினீங்க?"

அவன் தும்மினான்.

பிறகு அவள் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். பல் செதுக்கும் சின்னக் கத்தியை எடுத்துவந்து, அழுகலை இலை இலையாகச் சுரண்டினாள். வேர்க்கழுத்தைச் சுற்றிக் காய்ந்த சல்லிக்கல்லைப் போட்டாள். பக்கமெல்லாம் திறந்திருக்க, மேலே மட்டும் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்தாள். அந்தக் குளிரில் அவள் விரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. கடைசியில் மிஞ்சியது நகத்தளவு பக்கக் குருத்து ஒன்றுதான்.

குளிர் விட்டது. குருத்து பிழைத்துக்கொண்டது, ஆனால் பூக்கவில்லை. சொன்னபடி சிமெண்ட் வேலைக்காரர் வந்து நின்றார். சொன்ன சொல்லுக்காக மருமகளே கல்லைப் பெயர்க்கக் குனிந்தாள்.

மகன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "அது பூக்கறப்போ பூக்கட்டும். கார் தெருவுலயே நிக்கட்டும்."

"மழையில நனையுமேடா" என்றேன், வேண்டுமென்றே.

"அதான் கம்பளி இருக்கே" என்றான்.