ஜான்சி எடுத்த பாக்ஸ்

அருள்மொழிக்கு நல்ல வார்த்தை பேசத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தெரியும், செலவழிக்கத்தான் மனசு வராது. அந்தச் சனிக்கிழமையும் குயிலாப்பாளையம் காபிக் கடையில் வாசிப்பு முடிந்து, ஜான்சி கிட்டாரை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது முன்னால் வந்து நின்றார். பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கிறவர், அந்த மூன்று பேர் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"கை நல்லாத்தான் போவுது. சத்தம்தான் சகிக்கல. நீ ஜாஸ் வாசிக்கிறியா, இல்ல தேர் கெளம்பப் போவுது, எல்லாரும் ஒதுங்குங்கன்னு அறிவிப்பு குடுக்கிறியா?"

டிரம்ஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஜான்சிக்கு முகம் எரிந்தது. அந்த ஆள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாள். உண்மையாக இருந்து தொலைத்ததுதான் வயிற்றெரிச்சல்.

எட்டு மாதமாக அவள் வாசித்துக்கொண்டிருந்தது அண்ணனுடைய பழைய ஸ்பீக்கர் பெட்டியில். அண்ணன் சவரிராஜ் மரக்காணத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவன் பெட்டிதான். உப்பளத்தின் இந்தக் கரையில் வைத்தால் அந்தக் கரையில் பாத்தி மிதிக்கிறவன் காதில் விழ வேண்டும், அதற்காகக் கட்டப்பட்ட சாமான் அது. அதில் ஜாஸ் வாசித்தால் எப்படி இருக்கும்? தாலாட்டை மெகாஃபோனில் பாடின மாதிரி இருக்கும். இருந்தது.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஒழுங்கான ஆம்ப் ஒண்ணு எடு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. பாண்டியில ஒரு ஆளு ரெடியா இருக்கிறான்," என்றார் அருள்மொழி.

ஜான்சி மரக்காணம் பஜாரில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். ஆறு நாளும் ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், கத்துகிற கஸ்டமர். ஏழாவது நாளான சனிக்கிழமையில் அந்த ஒரு சாயங்காலம்தான் அவளுக்கு இருந்தது. மாதா கோயில் பாட்டுக்குழுவில் கிட்டார் கற்றுக்கொண்டவள், ராத்திரியும் பகலும் போனில் கேட்டுக் கேட்டு இந்த இசையைப் பிடித்தாள். அது போய்விட்டால் தன்னிடம் மிச்சம் டெம்பர் கிளாஸ்தான் என்று அவளுக்குத் தெரியும்.

சவரிராஜுக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், பிளஸ் டூ படித்த காலத்திலிருந்து தான் சவுண்ட் சர்வீஸோடு நடத்துகிற ஆர்கெஸ்ட்ராவில் லீடு கிட்டார் வாசித்த தங்கச்சி எட்டு மாதமாக மேடை ஏறுவதில்லை என்பதுதான். "வெள்ளைக்காரன் காபி குடிக்கிறதுக்கு இவ தட்டுறாளாம், நம்ம ஜனம் டான்ஸ் ஆட மாட்டாளாம்," என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொல்வான். அவள் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். ஒரே வீட்டில் இருவருக்கும் நடுவில் அம்மா மட்டும் மாறி மாறித் தூது போய்க் களைத்துப் போனாள்.

பெரிய முதலியார்சாவடியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிறார், அவரிடம் இரண்டு ஆம்ப் விற்பனைக்கு இருக்கிறது என்று வியாழக்கிழமை தகவல் வந்தது. ஜான்சி அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினாள். கூப்பிடாமலே அருள்மொழியும் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார், பெண் பார்க்க வந்த சித்தப்பா மாதிரி.

முதலாவது வால்வு ஆம்ப். மேலே கோதுமை நிறத் துணி, உள்ளே பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி ஆரஞ்சு வெளிச்சத்தில் கண்ணாடி வால்வுகள். பார்க்க அவ்வளவு அழகு. இரண்டாவது ஒரு கறுப்புப் பெட்டி. டிரான்சிஸ்டர், ஒரு பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர், நாலே நாலு திருகு. மூலையெல்லாம் தோல் உரிந்து கிடந்தது.

"யோசிக்க இன்னா இருக்குது? ஜாஸுன்னா வால்வு. அத எடு," என்றார் அருள்மொழி.

ஜான்சி இரண்டிலும் வாசித்தாள். சத்தமாக இல்லை. காபிக் கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது என்ன அளவு வைப்பாளோ அந்த அளவு. வால்வில் ஒற்றைச் சுரம் தேனாக வந்தது. ஆனால் டிரம்ஸுக்கு ஈடு கொடுக்கக் கொஞ்சம் ஏற்றி, நாலைந்து சுரம் சேர்ந்த கார்டைப் பிடித்தால் தொண்டை கட்டினவன் மாதிரி கரகரத்தது. ராக்குக்கு அந்தக் கரகரப்பு அழகு. இவளுக்கு ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கறுப்புப் பெட்டியில் அதே கார்டைப் பிடித்தாள். அஞ்சு சுரமும் அஞ்சு பேராக நின்றன, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல். கீச்சுச் சத்தத்துக்கான ட்ரெபிள் திருகைப் பாதிக்குமேல் குறைத்ததும் சத்தம் மெத்தென்று உருண்டது. ஸ்பீக்கரில் அதிர்கிற பழைய காகிதம் நன்றாகப் பழகி இளகியிருந்தது, அதனால்தான் அந்த இதம் என்று அவளுக்குப் புரிந்தது.

"இதுதான்," என்றாள்.

"இந்தத் தகர டப்பாவா? மைக் செட்டு வீட்டுக் காது வேற எத எடுக்கும்?"

"சார், வாசிக்கப் போறது நான். சனிக்கிழமை இதுலதான் வாசிப்பேன். நல்லா இல்லன்னா நீங்க சொல்லவே வேணாம், நானே கெளம்பிடறேன்."

"சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கட்டும்," என்று எழுந்தார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

சேர்த்து வைத்ததையெல்லாம் கொடுத்துவிட்டுப் பெட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வீட்டில் வைக்க இடமில்லை. வேறு வழியில்லாமல் அண்ணனுடைய ஷெட்டில் ஒரு மூலையில் வைத்தாள். சவரிராஜ் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். பின்பக்கம் திறந்த பெட்டி, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "வாசி பார்ப்போம்," என்றான். வாசித்தாள். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டான். திட்டவில்லை. மாதக்கணக்கில் முதல் தடவையாக, "நல்லாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

ஜான்சிக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். அவள் வீடு திரும்புவதற்குள் சவரிராஜ் பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றிக் கயிறு கட்டித் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தான். "காலையில எனக்கும் பாண்டியில வேல இருக்குது. நானே உட்டுட்டு வர்றேன். கட்டு பிரிக்காத, உப்புக்காத்து பட்டுடும்," என்றான். ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. அண்ணன் அத்தனை நாளைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசுகிறான், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். இவளை என்னவென்று சொல்ல?

சனிக்கிழமை மத்தியானம் காபிக் கடையில் கட்டைப் பிரித்தார்கள். அருள்மொழி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜான்சி ஒயரைச் சொருகி, ட்ரெபிளைக் குறைத்து, அந்த அஞ்சு சுரக் கார்டைப் பிடித்தாள்.

தகரத்தில் கரண்டி விழுந்த சத்தம்.

மறுபடி வாசித்தாள். திருகைத் திருப்பினாள். ட்ரெபிளைச் சுத்தமாக அணைத்தாள். அடியில் இருந்த கனத்தைக் காணோம், மேலே எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. ஒயரை மாற்றினாள், கிட்டாரைப் பார்த்தாள், பிளக்கைக் கழற்றி மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"இதான் அந்தக் காதா?" என்றார் அருள்மொழி.

பெட்டியைத் திருப்பிப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஸ்பீக்கர் காகிதம் பளபளவென்றிருந்தது. விரலால் தொட்டாள். காய்ந்த அப்பளம். தச்சர்கள் பலகை ஒட்டுகிற வெள்ளைப் பசையின் வாசனை மூக்கில் ஏறியது.

சவரிராஜ் வாசலில் வண்டியில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். "அண்ணா, இதுல இன்னா பண்ண?"

"இன்னா பண்ணேன்? பசை அடிச்சேன். தண்ணியில கலக்கி ரெண்டு கோட்டு." உள்ளே வந்தான். "அடிக்கலன்னா உப்புக்காத்துல பேப்பர் நமுத்து ஒரு மழைக்குக்கூட தாங்காது. நம்ம பாக்ஸு எல்லாத்துக்கும் அடிக்கிறதுதானே? இது இன்னா புதுசா, உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் கொடுமை. மரக்காணத்துக் கடற்கரையில் எந்த சவுண்ட் சர்வீஸ்காரனும் புதுப் பெட்டி வந்தால் முதல் வேலையாகப் பசை டப்பாவையும் பிரஷ்ஷையும்தான் எடுப்பான். சின்ன வயதில் அவளே பிரஷ் பிடித்துப் பூசியிருக்கிறாள். ஷெட்டில் வைத்தபோது ஒரு வார்த்தை, இதில் கை வைக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அதற்கு மேல் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

அருள்மொழி சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஆம்ப் மேல தப்பில்ல. ஸ்பீக்கர மட்டும் மாத்தினா பொழச்சிக்கும்," என்றார். "இன்னிக்கி என் பாக்ஸ்ல சொருகி வாசி. அடுத்த வாரத்துக்குள்ள மாத்து. ஒண்ணு மட்டும் சொல்றேன், இந்த முட்டாள இனிமே இங்க கூட்டிட்டு வராத. ஸ்பீக்கருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற ஜென்மம்! ஊர் ஊரா ஒப்பாரிக்குக் குழாய் கட்டுறவனுக்கு இதெல்லாம் இன்னா எழவு புரியும்?"

சவரிராஜ் தலையைக் குனிந்துகொண்டு, டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல நின்றான்.

எட்டு மாதமாக ஜான்சியும் மனசுக்குள் இதே வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு ஒருத்தன் வாயால் கேட்டபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் அவள் கண் முன்னால் சிறுத்துப் போய் நின்றான். அவனுக்குத் தெரிந்த நல்லதை அவன் செய்தான், அதற்கா இந்தப் பேச்சு?

"எங்க வீட்டு ஆளப் பேச நீங்க யாரு?" அவள் கத்தினதில் காபி போடுகிறவர் திரும்பிப் பார்த்தார். "எட்டு மாசமா உங்க வாயிலேர்ந்து ஒரு நல்ல சொல்லு வந்திருக்குதா? வாசிக்கிறவளத் திட்டுவீங்க, பாக்ஸத் திட்டுவீங்க, இப்போ தூக்கிட்டு வந்தவனையும் திட்டுறீங்க. நீங்களே வச்சிக்கோங்க உங்க ஜாஸ. பாண்டிக்காரனக் கூப்பிட்டுக்கோங்க."

"போனா திரும்பி வர முடியாது," என்றார் அருள்மொழி. இந்த முறை சிரிக்கவில்லை.

"வர மாட்டேன்!"

பெட்டியை அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த வேலை அது.

ஈ.சி.ஆரில் வண்டி வடக்கே போயிற்று. ஜான்சி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள், மறைக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்நேரம் வாசித்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் செய்தது சரிதான் என்று ஒரு திமிர் உள்ளே எரிந்தது. கூனிமேடு தாண்டியதும் சவரிராஜ் மெதுவாகச் சீட்டியடிக்க ஆரம்பித்தான்.

"போனாப் போவுது உடு," என்றான். "மாதா கோயில் கொடியேத்தத்துக்கு லீடு கிட்டாருக்கு ஆளு இல்லாம இருந்தேன். நீ வந்துடு. இந்த பாக்ஸையே வச்சிக்கலாம். இப்பத்தான் கணீர்னு இருக்குதே."

"கணீர்னா?"

"பின்ன? மொதல்ல எப்படிக் கொழகொழன்னு இருந்துச்சி. ரெண்டு கோட்டு அடிச்சா அந்த மெத்து எல்லாம் போயிடும். பன்னெண்டு வருஷமா அடிக்கிறேன், எந்தக் கோட்டுக்கு எந்தச் சத்தம் போவும்னு எனக்குத் தெரியாதா?"

ஜெயித்தவனுக்கு வாய் கட்டுப்படாது. சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. சீட்டி நின்றது.

"தெரிஞ்சேதான் அடிச்சியா?" என்றாள் ஜான்சி.

அவன் ரோட்டையே பார்த்தான். "வீட்டு ஆளு வீட்டுக்கு வாசிக்கணும். அந்தாளுகிட்ட நீ இன்னா கண்ட, திட்டு வாங்கினதத் தவிர?"

"வண்டிய நிறுத்து."

"சும்மா இரு."

ஓடுகிற வண்டியில் அவள் கதவைத் திறந்தாள். சவரிராஜ் பிரேக்கை மிதித்தான். இரண்டு பக்கமும் உப்பளம் வெயிலில் கண்ணைக் குத்தியது. வரப்போரம் உப்புக் குவியலுக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜான்சி கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்னால் போய்க் கயிற்றை அவிழ்த்து, பெட்டியைத் தனியாகவே இழுத்து இறக்கினாள். முழங்கால் சிராய்த்தது. அவன் இறங்கி உதவிக்கு வந்தபோது, "தொட்டா கைய ஒடிப்பேன்," என்றாள். அவன் நின்றுவிட்டான்.

பெட்டியைப் பாண்டிக்குப் போகும் பஸ் வரும் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, அருள்மொழிக்குப் போன் போட்டாள். வெகு நேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"சார், ஸ்பீக்கர் மாத்தி எடுத்துட்டு வர்றேன். எடம் இருக்குதா?"

"இன்னா எடம்? அந்த முட்டாளுக்காக எல்லார் முன்னாலயும் என்னப் பாத்து அந்தக் கேள்வி கேட்டுட்டுப் போன இல்ல?"

"அவன் முட்டாள் இல்ல சார்," என்றாள் ஜான்சி. "தெரிஞ்சேதான் பண்ணான்."

சவரிராஜின் வண்டி இன்னும் கிளம்பவில்லை. அவன் காதில் விழ வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.